மூன்று நோட்டு நிறைய எழுதியும் தெளிவு வரவில்லையே?

கேள்வி:

எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ காலியாக இருக்கிறது. நான் எதற்காக இருக்கிறேன் என்ற கேள்வி என்னை விடுவதே இல்லை. மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். படிக்காத புத்தகம் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. மனதில் பட்ட வரிகளை எழுதி எழுதி மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. படிக்கும்போது எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. மறுநாள் காலையில் பழையபடிதான் எழுந்திருக்கிறேன்.

என் கணவர் நல்லவர். ஆனால் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. போன வாரம் வேலை முடிந்து வந்தவர், "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு விஷயம் நடந்தது" என்றார். நான் ஹெட்ஃபோனில் உறவுகளைப் பற்றிய ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பத்து நிமிஷம்" என்று கை காட்டினேன். அப்புறம் அவர் அதைச் சொல்லவே இல்லை. எங்களுக்குள் இருப்பது காதலா, வெறும் பழக்கமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

வேலையில் பிடித்தது என்று எதுவும் இல்லை. (புதிதாகச் சேருகிறவர்களுக்கு, கணக்கில் தப்பு எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். அப்போது மட்டும் நேரம் போவது தெரியாது. ஆனால் அது என் வேலையில் சேர்த்தி இல்லை.) வேலையை விட்டுவிட்டு, என் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று முழுமூச்சாகத் தேடலாமா? வாழ்க்கை, காதல், நோக்கம், இந்த மூன்றிலும் தெளிவு எங்கே கிடைக்கும்?

பதில்:

உங்கள் கடிதத்தில் முக்கியம் என்று நினைத்து நீங்கள் எழுதியது ஒரு பக்கம். போகிற போக்கில் சொன்னது இன்னொரு பக்கம். ஆலோசனைக்கு வருகிறவர்கள் பேசும்போதும் இப்படித்தான். கேள்வியாகக் கேட்பதைவிட, நடுவில் சும்மா சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிற இடத்தில்தான் விஷயம் இருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி இரண்டு இடங்கள். ஒன்று, கணவர் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது. இன்னொன்று, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்த அந்தப் புதியவர்கள். என் பதில் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான் போகும்.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். உள்ளுக்குள் காலியாக இருக்கிறது என்கிறீர்கள். தூக்கம் எப்படி இருக்கிறது? பசிக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்தவற்றில் இப்போதும் மனம் ஒட்டுகிறதா? மனம் சோர்ந்தே கிடப்பது அல்லது எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, இவற்றில் ஒன்று நாளின் பெரும்பகுதியும், அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, கூடவே தூக்கமும் பசியும் கவனமும் கெட்டிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று நாங்கள் பார்ப்போம். அந்த நிலையில் இருப்பவருக்கு வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி ஓயாமல் எழும். எவ்வளவு படித்தாலும் அது அடங்காது. சிகிச்சை எடுத்தால் அந்தக் கேள்வியின் கனம் குறையும். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும்கூட, இதைப் படிப்பதை அப்படியே வைத்துவிட்டு முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். புதியவர்களோடு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், அந்த அளவுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு கடிதத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. மேலே கேட்ட கேள்விகளுக்கு நீங்களே உண்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள்.

சரி, நோட்டுகளுக்கு வருவோம்.

நீங்கள் எழுதி வைத்தது எதுவும் வீண் இல்லை. மனம் கலங்கியிருக்கும்போது நல்ல வரி ஒன்று கைகொடுக்கத்தான் செய்யும். ஆனால் மூன்று வருடம் சேர்த்தும் மறுநாள் காலை எதுவும் மாறவில்லை என்றால், அதற்குக் காரணம் உங்கள் சோம்பலோ மனவலிமைக் குறைவோ இல்லை. உங்களை நீங்களே அப்படித் திட்டிக்கொள்கிறீர்களோ என்று சந்தேகப்படுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த நோட்டுகளில் இருப்பது பொதுவான வாழ்க்கையைப் பற்றிய அறிவு. உங்களுக்கு வேண்டியது உங்கள் வாழ்க்கையைப் பற்றிய அறிவு. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை உளவியலில் ஆராய்ச்சி செய்தே காட்டியிருக்கிறார்கள்.

பெர்லினில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் மனித மேம்பாட்டு ஆய்வு நிறுவனத்தில் பால் பால்டெஸ் என்ற உளவியலாளர், 1980களில் தொடங்கி, விவேகம் என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு சகாக்களோடு பல வருடம் வேலை செய்தார். ஆய்வுக்கு வந்தவர்களிடம் முகம் தெரியாத ஒருவரின் பிரச்சினையைச் சொல்லி, அதைப் பற்றி வாய்விட்டு யோசிக்கச் சொல்வார்கள். "15 வயதுப் பெண் ஒருத்தி உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?" என்பது அப்படி ஒன்று. அந்த வயதில் கல்யாணமா, கூடவே கூடாது என்று சட்டென்று முடித்துவிடும் பதிலுக்கு மதிப்பெண் குறைவு. அந்தப் பெண் எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட சமூகத்தில் வாழ்கிறாள், தீராத நோயில் இருக்கிறாளா, பெற்றோரை இழந்து தனியாக நிற்கிறாளா என்று அவளுடைய நிலைமையைத் தோண்டிப் பார்க்கும் பதிலுக்கு மதிப்பெண் அதிகம். தனக்கு என்ன தெரியாது என்பது அந்தப் பதிலைச் சொன்னவருக்குத் தெரிந்திருந்தது. உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்கள் மிகச் சிலரே. வயது ஏறினால் தானாக விவேகம் ஏறிவிடும் என்பதும் அங்கே உறுதிப்படவில்லை.

பால்டெஸுடன் வேலை செய்த உர்சுலா ஷ்டாவ்டிங்கர் பிறகு ஒரு படி மேலே போனார். ஊரார் வாழ்க்கையைப் பற்றித் தெளிவாகப் பேசுவது வேறு, தன் வாழ்க்கையைத் தெளிவாகப் பார்ப்பது வேறு என்று பிரித்தார். இரண்டாவதுதான் கடினம். நான் பார்த்தவரையிலும் அப்படித்தான். பிறருக்கு அருமையாக வழி சொல்லும் பலர், தங்கள் விஷயம் என்று வந்ததும் அப்படியே தடுமாறிப் போகிறார்கள்.

ஏன் தடுமாறுகிறோம், அதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். துணை தனக்குத் துரோகம் செய்துவிட்டதாகச் சிலரைக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். வேறு சிலரை, அதே துரோகம் தங்கள் நண்பருக்கு நடந்ததாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நண்பருக்காக யோசித்தவர்கள் எதிராளியின் பார்வையையும், தங்களுக்குத் தெரியாததையும், சமாதானத்துக்கு உள்ள வழியையும் அதிகம் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தனக்காக யோசித்தவர்களிடம் அந்த விரிவு இல்லை. ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன சாலமன் அரசர் சொந்த வீட்டு விஷயங்களில் தவறிப்போன கதையை வைத்து, இதற்குச் சாலமன் முரண் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது அடுத்து வருவது. தன் பிரச்சினையையே மூன்றாம் மனிதரின் பிரச்சினை மாதிரித் தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது, அந்த இடைவெளி மறைந்துவிட்டது. இளைஞர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், இரு தரப்பிலும் இப்படித்தான் வந்தது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது. நான்காவதாக ஒரு நோட்டு எடுங்கள். அதில் இன்னொருவர் சொன்ன வரி ஒன்றுகூட வரக் கூடாது. உங்களுக்கு நடந்த ஏதாவது ஒன்றை, ஒரே ஒரு சம்பவத்தை, 'அவள்' என்று போட்டு எழுதுங்கள். தத்துவம் வேண்டாம், நடந்ததை மட்டும். உதாரணத்துக்கு உங்கள் கடிதத்திலிருந்தே எடுக்கிறேன்:

"அவளுடைய கணவர் வேலை முடிந்து வந்தார். ஆபீஸில் ஒரு விஷயம் நடந்தது என்றார். அவள் பத்து நிமிஷம் என்று கை காட்டினாள். பத்து நிமிஷம் கழித்து அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை."

இதைப் படித்துவிட்டு, இந்தப் பெண் உங்கள் தோழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்களிடம் வந்து "எங்களுக்குள்ள இருக்கறது காதலா, பழக்கமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்து நீங்கள் காதலுக்கு விளக்கம் தேடிப் போக மாட்டீர்கள். "அது இருக்கட்டும், அன்னைக்கு என்ன நடந்ததுன்னு கேட்டியா?" என்றுதான் கேட்பீர்கள்.

உங்கள் தொழிலிலேயே இந்தப் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. டிரையல் பேலன்ஸில் பற்றும் வரவும் டேலி ஆகவில்லை என்றால் கணக்கியல் புத்தகத்தை எடுத்துப் படிக்க மாட்டீர்கள். என்ட்ரியை ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள், வவுச்சரை எடுத்து ஒப்பிடுவீர்கள். புதியவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். வாழ்க்கை விஷயத்தில் மட்டும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதிக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஷ்டாவ்டிங்கரும் பால்டெஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வாழ்க்கைப் பிரச்சினைகளைப் பற்றி யாரிடம் வழக்கமாகப் பேசுவீர்களோ அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, ஜோடி ஜோடியாக வரவழைத்தார்கள். ஒரு பிரச்சினையை அந்த இருவரும் பேசிவிட்டு, பிறகு தனியாகச் சிறிது நேரம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னபோது, தனியாகவே யோசித்துப் பதில் சொன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், அவர் இதைப் பற்றி என்ன சொல்வார் என்று மனதுக்குள் பேசிப் பார்த்தவர்களுக்கும் பலன் இருந்தது. பேச்சும் வேண்டும், பேச்சுக்குப் பிறகு தனிமையும் வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு ஆள் இல்லை. அதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்று வருடமாக, ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துப் பேசுகிறவர்களின் குரல்களைத் தனியாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அவர்கள் நல்லதையே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது, நீங்கள் சொல்வதில் எங்காவது பொருந்தவில்லை என்றால் நிறுத்தி, "இரு, போன மாசம் வேற மாதிரி சொன்னியே?" என்று கேட்க அவர்களால் முடியாது. அப்படிக் கேட்கக்கூடிய ஒருவர் உங்களுக்கு வேண்டும். அக்காவோ, பழைய தோழியோ, கூட வேலை பார்க்கும் மூத்தவரோ, யாராகவும் இருக்கலாம். உடனே தீர்வு சொல்லக் கிளம்புகிறவர் வேண்டாம், நீங்கள் என்ன சொன்னாலும் "நீ செஞ்சதுதான் சரி" என்கிறவரும் வேண்டாம். பேச ஆரம்பிக்கும்போதே, "வழி எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டுட்டு, புரியாத இடத்துல கேள்வி மட்டும் கேளு" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படிக் கேட்கச் சொன்னால் நிம்மதியாகவே இருக்கும்.

இப்போது உங்கள் கணவர் விஷயம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், சாதாரண வீடு மாதிரியே அமைத்த ஒரு ஆய்வுக்கூடத்தில் புதிதாகக் கல்யாணமான தம்பதிகளை ஒரு நாள் தங்க வைத்துக் கவனித்தார். பெரிய சண்டைகளையோ பெரிய வாக்குறுதிகளையோ அல்ல, மிகச் சின்ன விஷயங்களை அவர் குறித்துக்கொண்டார். ஒருவர் ஜன்னல் வழியே எதையோ பார்த்து "இங்க பாரேன்" என்கிறார். மற்றவர் திரும்புகிறாரா, இல்லையா? ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்த தம்பதிகள் அன்று அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். இதை வைத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த எண்கள் பல ஜோடிகளைச் சேர்த்துப் பார்த்த சராசரி, உங்கள் இருவருக்கும் போடும் மார்க் இல்லை. சேர்ந்தே இருந்தவர்களும் சில முறை திரும்பாமல்தான் இருந்தார்கள். ஒருமுறை கை காட்டியதால் எதுவும் உடைந்துவிடாது.

ஆனால் "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு விஷயம் நடந்தது" என்பது அப்படி ஒரு அழைப்பு. பேச்சு குறைந்துபோன வீட்டில் அவர் தானாக வந்து ஆரம்பித்திருக்கிறார். அந்த விஷயம் என்ன என்று இந்தக் கடிதம் எழுதும்வரை உங்களுக்குத் தெரியாது. காதலா பழக்கமா என்பதை விட்டுவிட்டு இதை யோசியுங்கள். அவரை இப்போது எது உறுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களை மூன்று வருடமாக அரிக்கும் கேள்வி அவருக்குத் தெரியுமா? இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதிலாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

காதலையும் பழக்கத்தையும் எதிரெதிராக வைப்பதும் சரியாகப் படவில்லை. ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் என்ற உளவியலாளர் 1986இல் காதலை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: நெருக்கம், ஈர்ப்பு, கூடவே இருப்பது என்ற உறுதி. இந்த மூன்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, ஒரே வேகத்தில் தேய்வதும் இல்லை. ஈர்ப்பு சீக்கிரம் பற்றிக்கொண்டு சீக்கிரம் தணியக்கூடியது. எட்டு வருடத்தில் அது முதல் வருடத்தைப் போல இல்லை என்றால் காதல் போய்விட்டது என்று அர்த்தம் ஆகாது. உங்கள் வீட்டில் உறுதி இருக்கிறது. மெலிந்திருப்பது நெருக்கம். நெருக்கம் ஒருவருக்கொருவர் மனதில் இருப்பதைச் சொல்வதால் வளர்வது, அதனால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியும்.

எப்படி என்றால், நேராகப் போய்க் கேட்டு. இன்று இரவேகூட. "அன்னைக்கு நீங்க ஆபீஸ்ல என்னமோ நடந்ததுன்னு சொல்ல வந்தீங்க. நான் கேட்காம விட்டுட்டேன். என்ன ஆச்சு?" இவ்வளவு போதும். தம்பதிகள் எப்படிப் பேச வேண்டும் என்று நான் ஒன்று கேட்டேன், படித்தேன் என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்தால் அவருக்குத் தான் ஏதோ பயிற்சிக்குப் பயன்படுத்தப்படுவதாகத் தோன்றும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்ல வாய்ப்பு அதிகம். அதைக் கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். "சரி, சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள். சில நாள் கழித்து அவர் வேறு ஏதாவது சின்ன விஷயமாக ஆரம்பிப்பார். அப்போது திரும்புங்கள். அவர் பேசும்போது நோட்டிலிருந்து எதையும் எடுத்துச் சொல்லாதீர்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். அதன் பிறகு ஒரு நாள் உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். காலியாக இருக்கிறது என்று எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் அவரிடம் சொல்லுங்கள். தன்னைக் குறை சொல்கிறீர்களோ என்று அவர் பயப்படலாம். அப்படி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

தப்பெல்லாம் உங்கள் மேல் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு குறைவதற்கு எப்போதும் இரண்டு பேர் காரணம். அவர் பக்கம் எனக்குத் தெரியாததால் உங்கள் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். சில மாதம் நீங்கள் இப்படித் திரும்பியும் அவர் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை என்றால், இருவரும் சேர்ந்து தம்பதியர் ஆலோசனைக்குப் போங்கள். இன்னொன்று: வீட்டில் பயமோ, அடியோ, இடைவிடாத அவமதிப்போ இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பாதுகாப்பு. கடிதத்தில் அதற்கான சாயல் எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் இதே நிலையில் இருக்கும் வேறு வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

நோக்கத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எங்கோ முழுசாகத் தயாராகக் காத்திருக்கிறது, போதுமான அளவு தேடினால் கையில் கிடைத்துவிடும், கிடைத்த அன்று சந்தேகமே இருக்காது என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கைதான் உங்களைச் சோர்வாக்குகிறது என்று நினைக்கிறேன். பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றிய ரசமான ஒரு வீடியோவைக் காட்டினார்கள். பலருக்கும் ஆர்வம் வந்தது. அப்புறம் அதே விஷயத்தில் கடினமான ஒரு அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது நமக்குள் ஏற்கனவே இருப்பது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களுக்கு அந்த ஆர்வம் அதிகமாக வடிந்துபோனது. ஆர்வம் செய்யச் செய்ய வளர்வது என்று நம்பியவர்களிடம் அந்த அளவுக்கு வடியவில்லை. எளிதாக இல்லை என்றதும் "இது என்னுடையது இல்லை" என்று முதல் வகையினர் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் ஒரு படி முன்னாலேயே விட்டுவிட்டீர்கள். வேலையில் சேர்த்தி இல்லை என்ற காரணத்தால், நேரம் போவதே தெரியாத ஒரு விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசி 2001இல் எழுதியதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேலைதான். சிலர் அறையைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், பார்க்க வந்தவர்களுக்கு வழி காட்டினார்கள், தங்களையும் குணமாக்கும் வேலையில் ஒரு பங்காக நினைத்தார்கள். வேலைப் பட்டியலில் அது எதுவும் இல்லை. அவர்களுக்கு வேலையில் அர்த்தம் வந்தது அந்தப் பட்டியலில் இல்லாத பகுதியிலிருந்துதான்.

அதனால் அந்த அடைப்புக்குறியைத் திறந்து பார்ப்போம். அடுத்த முறை புதியவர் ஒருவரோடு உட்காரும்போது உங்களையே கவனியுங்கள். எந்த நிமிடத்தில் உங்களுக்குச் சந்தோஷம் வருகிறது? ஒளிந்திருந்த தப்பு கையில் சிக்கும்போதா? அவர் முகத்தில் "ஓ, அப்படியா!" என்று புரிதல் தெரியும்போதா? இல்லை, பிரிவில் எல்லோரும் உங்களைத் தேடி வருகிறார்கள் என்பதிலா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் மூன்றும் போகிற திசை வேறு. முதலாவது என்றால் தணிக்கை, முறைகேடு கண்டறிதல் போன்ற துப்பறியும் வேலைகள் உங்களை இழுக்கும். இரண்டாவது என்றால் கற்பித்தல், பயிற்சி. மூன்றாவதும் தப்பான ஆசை இல்லை, ஆனால் அது கணக்கைப் பற்றியது அல்ல, மனிதர்களோடு இருக்கும் ஆசை. அதற்கு வேலைக்கு வெளியேயும் நிறைய இடம் இருக்கிறது.

எது என்று யோசித்து முடிவு செய்ய வேண்டாம், செய்து பாருங்கள். ஒருமுறை, தப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தும் சொல்லாமல், புதியவரையே கண்டுபிடிக்க விடுங்கள். அவர் திணறித் திணறிக் கண்டுபிடிக்கும்போது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தால் ஒரு பதில். பொறுக்க முடியாமல் கை பரபரத்தால் வேறு பதில். இன்னொருமுறை யாருமே பக்கத்தில் இல்லாமல், சிக்கலான ஒரு கணக்கை நீங்களே பிரித்துப் பாருங்கள். அப்போதும் நேரம் போவது தெரியவில்லையா? இந்தச் சோதனைகளுக்கு ஒரு மாதம் போதும். அந்த நான்காவது நோட்டில் இதையும் எழுதுங்கள், அப்போதைக்கப்போது நடந்தபடி.

கிடைக்கிற பதில் ஆயுளுக்கும் செல்லுமா என்று கவலைப்படாதீர்கள். 2013இல் வெளியான ஒரு ஆய்வில் 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். போன பத்து வருடத்தில் நிறைய மாறிவிட்டோம், ஆனால் அடுத்த பத்து வருடத்தில் பெரிதாக மாற மாட்டோம் என்றே எல்லா வயதினரும் நினைத்தார்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கு எதில் கை வைக்கலாம் என்று தெரிந்தால் 36 வயதில் அது தாராளம். இன்னும் தேடினால் இன்னும் அர்த்தம் கிடைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மைக்கேல் ஸ்டீகரும் சகாக்களும் 2006இல் உருவாக்கிய கேள்வித்தாளில், அர்த்தம் இருப்பதாக உணர்வதும் அர்த்தத்தைத் தேடுவதும் தனித்தனி அளவுகளாகத்தான் வருகின்றன. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்று இல்லை.

இதனால்தான் வேலையை விட வேண்டாம் என்கிறேன், இப்போதைக்காவது. முழுமூச்சாகத் தேடுவது என்றால், மூன்று வருடமாகச் செய்ததையே நாள் முழுக்கச் செய்வது என்றுதான் ஆகும். கூடவே மாத வருமானம் இல்லாத பயமும் சேரும். அந்தப் பயத்தில் யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்கு நேரம் போவது தெரியாத ஒரே இடம் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன சோதனைகள் முடிந்ததும் உங்கள் மேலதிகாரியிடம் போங்கள். வேலை பிடிக்கவில்லை, மனம் ஒட்டவில்லை என்று பேச ஆரம்பிக்காதீர்கள், அதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. "புதுசா சேர்றவங்களுக்கு முதல் மாசம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இதை என் பொறுப்பாவே கொடுத்துட்டு, பதிலா வேற ஒரு வேலையைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். எந்த வேலையைக் குறைக்கலாம் என்று நீங்களே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். ஒத்துக்கொண்டால் ஆறு மாதம் செய்து பாருங்கள். அலுப்பான நாட்களும் வரும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். முடியாது என்று சொல்லிவிட்டால், அப்போது வேறு வேலை பார்க்கலாம். அதற்குள் என்ன தேடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்குப் பிரிவில் பயிற்சிப் பொறுப்போ, தணிக்கை வேலையோ, அது எதுவானாலும் பெயர் சொல்லி விசாரிக்க முடிகிற ஒன்றாக இருக்கும். இருக்கும் வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பம் போடுங்கள். அந்த வேலை கையில் வந்த பிறகு இதை விடுங்கள்.